மறு: யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். நிரல் ஒரு நினைவகப் பகுதியை இனி வேண்டாம் என்று விட்ட (ஃப்ரீ) பிறகும் அதையே தொடும் வழுவைத்தான் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'விடுவிப்புக்குப் பிந்தைய பயன்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம். பொருள் தெளிவாகத்தானே இருக்கிறது?

பொருள் தெளிவுதான். ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள் (கருனி என்பது கெர்னல், இயங்குதளத்தின் மையப்பகுதி): "கருனியில் விடுவிப்புக்குப் பிந்தைய பயன்பாட்டுப் பாதிப்பு கண்டறியப்பட்டது." எது விட்டது, எதைத் தொட்டது, ஒன்றும் தெரியவில்லை. வினையெல்லாம் பெயராக உறைந்து கிடக்கிறது. 'பயன்பாடு' என்பதும் எனக்கு ஒட்டவில்லை. இங்கே யாருக்கும் பயன் இல்லை. தொடக்கூடாத இடத்தைப் படிப்பதும் அதில் எழுதுவதும்தான் நடக்கிறது.

சொல்லைத் தேடும்முன் வழுவைக் கிட்டத்தில் பார்த்துவிடுவோம். 2016 ஜனவரியில் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பதிவெண் கொண்ட பாதுகாப்பு வழுவை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் கருனியின் 3.8 பதிப்பிலிருந்தே இருந்த ஓட்டை அது. ஒரு நிரல் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் சாவிக்கொத்தையே (கீரிங்: சாவிகளைக் கருனி சேர்த்துவைக்கும் தொகுப்பு) திரும்பக் கேட்டால், கருனி அதன் ரெஃபரன்ஸ் கவுன்ட்டை ஒன்று கூட்டும், ஆனால் குறைக்காமல் விட்டுவிடும். (இதை நான் 'பிடியெண்' என்பேன்: எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு.) பிடியெண்ணுக்கு இருப்பதோ 32 பிட். ஏறக்குறைய 429 கோடி முறை கேட்டால் எண் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிடும். இனி யாரும் பிடித்திருக்கவில்லை என்று கருனி அந்த நினைவகத்தை விட்டுவிடுகிறது. நிரலோ இன்னும் பிடித்தபடியே இருக்கிறது. காலியான அதே இடத்தில் தாக்குபவர் தன் தரவை வைத்துவிட்டால், கருனி அதைப் பழைய சாவிக்கொத்து என்றே நினைத்துத் தொடும். அதில் அவர் எழுதிவைத்த முகவரிக்குத் தாவும். அப்புறம் கணினியின் முழு அதிகாரமான ரூட் உரிமை அவர் கையில்.

ஆக, ஆபத்து 'பின்' என்ற காலத்தில் இல்லை. விட்ட இடம் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. நல்ல கலைச்சொல் அந்த இடத்தைச் சுட்ட வேண்டும்.

> நீங்கள் சொன்ன 'விட்டபின் தொடல்' சேர்த்து எழுதினால் 'பின்தொடர்தல்' போலப் படிக்கிறதே?

உண்மை. நானே உரக்கப் படித்துப் பார்த்தேன், அப்படித்தான் கேட்கிறது. அதை விலக்கிக்கொள்கிறேன். பதிலாக 'விட்டதைத் தொடல்' என்பதை முன்வைக்கிறேன். 'பின்' போய்விட்டது, செயப்படுபொருள் வந்துவிட்டது. இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது: ஒரே இடத்தை இருமுறை விடும் டபுள் ஃப்ரீக்கு 'விட்டதை விடல்' என்று தானாகவே அமைகிறது. அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ் 'எல்லை தாண்டித் தொடல்'. மூன்றும் ஒரே குடும்பம்.

பேச்சிலும் இது நிற்கும். கருனிக்குள் நினைவகத்தைப் பங்கிடும் ஸ்லப் ஒதுக்கியில் பிழைதிருத்த நிரப்பலை இயக்கினால், விட்ட நினைவகம் 6பி (பதினாறடிமான எண்) என்ற பைட்டால் நிரம்பும். கருனி விழுந்ததும் வரும் பதிவில் ஏதாவது ஒரு ரெஜிஸ்டர் (செயலியின் உள்சேமிப்பிடம்) 6பி6பி6பி6பி என்று நின்றால், அனுபவமுள்ளவர் பார்த்தவுடன் "விட்டதைத் தொட்டிருக்கிறது" என்று சொல்லிவிடலாம். "விடுவிப்புக்குப் பிந்தைய பயன்பாடு நிகழ்ந்துள்ளது" என்று அந்த நேரத்தில் யார் வாயிலும் வராது.

> கருனியில் 'புட்' என்பதும் விடுவதுதானே? இரண்டுக்கும் 'விடு' என்றால் குழப்பம் வராதா?

இதுதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. 'கெட்' என்றால் பிடியெண் கூடுகிறது, 'புட்' என்றால் குறைகிறது. கடைசிப் பிடி போகும்போதுதான் நினைவகம் விடப்படுகிறது. அதனால் புட்டைப் 'பிடி குறைத்தல்' என்று சொல்வோம், 'விடல்' ஃப்ரீக்கு மட்டும் இருக்கட்டும். மேலே சொன்ன ஓட்டையையே இப்படி எழுதலாம்: "பிடி குறைக்காததால் பிடியெண் சுற்றியது, கருனி விட்டது, பிறகு விட்டதைத் தொட்டது." நீட்டி விளக்க வேண்டியதே இல்லை.

சொற்பட்டியலில் 'ஃப்ரீ'க்கு எதிரே இன்னும் 'இலவசம்' என்று நிற்கிறது. தயவுசெய்து அதை உடனே மாற்றுங்கள். புதிதாகக் கற்பவர் ஒருவர் அதை நம்பிப் படித்தால் பாதி நாள் வீணாகும்.

விட்ட நினைவகத்தின் முகவரியை இன்னும் வைத்திருக்கும் டேங்லிங் பாயின்டருக்கு வந்த 'தொங்கு சுட்டி' எனக்கு உடன்பாடில்லை. அது தொங்கவில்லை, பழைய முகவரியை உறுதியாகவே சுட்டிக்கொண்டிருக்கிறது. 'விட்டதைச் சுட்டும் சுட்டி' சரியாக இருக்கும், ஆனால் நீளம். மவுஸையும் பலர் சுட்டி என்றே எழுதுவதால் அங்கே வேறு சிக்கலும் உண்டு. சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் இதே இழையில் எழுதுங்கள்.