சிறுபோக நெல்: யூரியா போட்ட பின்னும் பட்டை பட்டையாக மஞ்சள்

வட்டைக்காரன், தம்பலகாமம்:
வணக்கம். கந்தளாய்க் குளத்து நீரில் சிறுபோகம் செய்கிறேன். மூன்றரை மாத நெல். விதைத்து நான்கு கிழமை ஆகப்போகிறது. இரண்டாம் கிழமையிலேயே முதல் யூரியா போட்டாயிற்று. ஆனாலும் பயிர் எழும்பவில்லை. வயல் முழுவதும் அப்படி இல்லை. நீளவாக்கில் பட்டை பட்டையாக மஞ்சள் அடித்து நிற்கிறது, இடையில் நல்ல பச்சை. பெரும்போக அறுவடைக்கும் விதைப்புக்கும் இடைவெளி குறைவு என்பதால் வைக்கோலை அப்படியே உழுது புரட்டினோம். ஏக்கருக்கு இன்னும் அரை அந்தர் (ஏறக்குறைய 25 கிலோ) யூரியா எறியலாமா? பசளை விற்கும் விலையில் கண்ணை மூடிக்கொண்டு எறிய மனம் வரவில்லை.

மூதூர்க் கமம்:
மஞ்சள் என்றால் யூரியாப் பசிதான். தாமதிக்காமல் எறியுங்கள்.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
தம்பி, எறிவதற்கு முன் இரண்டு விடயம் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் அடி இலையிலா, குருத்திலா? ஒரு பயிரைப் பிடுங்கினால் வேர் என்ன நிறம்?

நைதரசன் பயிருக்குள் நகரும். பற்றாக்குறை வந்தால் பயிர் கிழட்டு இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலை நுனியிலிருந்து மஞ்சளாகும். கந்தகமும் இரும்பும் அப்படி எளிதில் நகரா. குறைந்தால் குருத்துத்தான் முதலில் வெளிறும். பொற்றாசியம் குறைந்தால் அடி இலையின் ஓரம் கருகும். எந்த இலை என்று பாராமல் யூரியா எறிவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வட்டைக்காரன்:
ஐயா, இப்போதுதான் வயலுக்குள் இறங்கிப் பார்த்தேன். அடி இலைதான், நுனியிலிருந்து மஞ்சள். குருத்து பச்சையாக இருக்கிறது. மஞ்சள் பட்டையில் கால் வைத்தால் குமிழி கிளம்புகிறது, கூழ்முட்டை நாற்றம். வேர் கறுத்திருக்கிறது. பச்சையாக நிற்கும் இடத்தில் வேர் செம்மண் நிறம். இன்னொன்று: மஞ்சள் பட்டைகள், அறுவடை இயந்திரம் வைக்கோலைக் கொட்டிச் சென்ற வரிசைகளிலேயே விழுந்திருக்கின்றன.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
அந்தக் கடைசி வரியில் விடை இருக்கிறது. வைக்கோலில் கரிமம் மிக அதிகம், நைதரசன் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் நைதரசன் வேண்டும். வைக்கோலில் போதாததால் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் போட்ட யூரியாவில் ஒரு பகுதி அவற்றின் உடலில் இருக்கிறது. அவை மடியும்போது மெல்ல மெல்ல மண்ணுக்குத் திரும்பும். ஆனால் தூர் கட்டும் பயிர் அதுவரை காத்திருக்காது.

நாற்றமும் கறுத்த வேரும் வேறு கதை. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாமல் வைக்கோல் அழுகும்போது கந்தக வாயு உண்டாகி வேரைத் தாக்குகிறது. அந்த வேரால் கொடுத்ததைச் சரியாக எடுக்க முடியாது. ஆகவே முதலில் வரம்பில் நீர் போகும் வாயான வக்கடையைத் திறந்து நீரை வடியுங்கள். இரண்டு மூன்று நாள் மண்ணுக்குள் காற்றுப் போகட்டும். வெடிப்பு விழும்வரை விடவேண்டாம். அதிக நாள் காற்றுப் பட்டால், மண்ணில் அமோனியமாக இருக்கும் நைதரசன் நைத்திரேற்றாக மாறும். பிறகு நீர் கட்டும்போது அது வாயுவாகப் பறந்துவிடும்.

வெண்வேர் தலைகாட்டியதும் இரண்டாம் தவணை யூரியாவை ஈரச் சேற்றில் போட்டு, மறுநாள் நீர் கட்டுங்கள். நிறைந்த நீரில் உச்சி வெயிலில் எறிந்தால் கணிசமான பங்கு அமோனியா வாயுவாகிப் போய்விடும். 50 கிலோ பையில் 23 கிலோதான் நைதரசன். அதிலும் காற்றுக்குக் கொடுப்பானேன்? பச்சையாக நிற்கும் இடத்திற்கு மேலதிகமாக ஒரு பிடியும் வேண்டாம். தழைத்துச் செழித்தால் சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி வந்து இறங்கும்.

மூதூர்க் கமம்:
ஐயா சொல்வது சரி, பட்டையாக விழுந்ததை நான் கவனிக்கவில்லை. ஆனால் நாகக் (துத்தநாக) குறைபாடாகவும் இருக்கலாம் அல்லவா? எங்கள் பக்கத்துப் பள்ளக் காணிகளில் அடிக்கடி வருகிறது.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
நல்ல கேள்வி. நாகம் குறைந்தால் இலையில் துருப் போலப் பழுப்புப் புள்ளிகள் விழும், இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்தில் வெளிறும். தம்பி அவற்றைச் சொல்லவில்லை. ஐயம் இருந்தால் மஞ்சள் பட்டையில் இரண்டு காலெட்டு நீள அகலமுள்ள சதுரத்திற்கு மட்டும் யூரியா போட்டு, தடி நட்டு, ஒரு கிழமை பாருங்கள். அங்கே பச்சை ஏறினால் நைதரசன்தான்.

வைக்கோலைப் புரட்டியதற்காக மனம் தளரவேண்டாம். நெல் உறிஞ்சும் பொற்றாசியத்தின் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. எரித்தால் நைதரசன் புகையாகிப் போகும். அடுத்த முறை வரிசையாகக் கிடப்பதைப் பரப்பிவிட்டு, விதைப்புக்கு இரண்டு மூன்று கிழமை முன்பே உழுதுவிடுங்கள்.

நிலாவெளி வெங்காயம்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எங்கள் மணல் தோட்டத்திலும் வைக்கோல் போடாமலே இப்படி மஞ்சளாகிறதே?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
மணலில் நைத்திரேற்று நிற்காது, பாய்ச்சும் நீரோடு வேருக்குக் கீழே போய்விடும். ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் போடுங்கள், நீரையும் அளவாகப் பாய்ச்சுங்கள். உக்கிய சாணம் சேர்த்தால் மணல் கொஞ்சம் பிடித்து வைக்கும்.

வட்டைக்காரன்:
வக்கடை திறந்துவிட்டேன் ஐயா. அடுத்த முறை நீர் ஐந்து நாளில் வருகிறது, அதற்குள் காய்ந்துவிடாதா?

ஓய்வுபெற்ற போதனாசிரியர்:
உங்களுடையது களிமண் கலந்த நிலம், தாங்கும். நாளை மாலை வக்கடையைக் கட்டிவிடுங்கள். யூரியாவை நீர் வருவதற்கு முதல் நாள் போட்டால் போதும்.