தாழியில் கிடைத்த நெல்லின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

வைகைக்கரை: தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமி கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள். பானை, எலும்பு எல்லாம் இருக்கும்போது நெல்லை ஏன் அனுப்புகிறார்கள், அதை எப்படி அளக்கிறார்கள்? வேளாண்மை படிப்பவன், தொல்லியல் தெரியாது.

கார்பன்14: நெல் ஒரே பருவத்துப் பயிர், அதுதான் காரணம். மரக்கரியை அளந்தால் அந்த மரம் வளர்ந்த காலம்தான் வரும், வெட்டி எரித்தது நூறு வருஷம் கழித்துக்கூட இருக்கலாம். நெல்லில் அந்தச் சிக்கல் இல்லை. பயிர் உயிரோடு இருக்கும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன், அது செத்த பிறகு சுமார் 5730 ஆண்டுகளில் பாதியாகும்; மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் வயது தெரியும். துகள் முடுக்கியில் அந்த அணுக்களையே எண்ணிவிடுவதால் ஒரு மணி நெல்கூடப் போதும், டெல்லியில் உள்ள முடுக்கி மையத்திலும் இந்த வசதி உண்டு. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை, அதனால் வயது தெரிந்த மர வளையங்களை வைத்துத் திருத்தினால்தான் நாள்காட்டி ஆண்டு வரும்.

பொருநைமகள்: பழனி பக்கம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு எடுத்த நெல்லுக்கும் இதே முறையில்தான் கி.மு. 490 வந்தது. ஆனால் ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக்கூடாது, அதே குழியில் இன்னும் சில மாதிரிகள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வைகைக்கரை: நன்றி. காட்டு நெல்லா பயிரிட்டதா என்று தெரியுமா?

கார்பன்14: காம்பு பிரிந்த தழும்பைப் பாருங்கள். காட்டு நெல் தானே உதிர்வதால் தழும்பு வழவழப்பாக இருக்கும், பயிர் நெல்லை அடித்துப் பிரிப்பதால் கிழிந்திருக்கும். நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும். உங்கள் துறை ஆட்கள்தான் இதற்குத் தேவை, வாருங்கள்.