அதிகச் செலவில்லாமல் சிறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கேள்வி

என் மகளுக்கு மூன்று வயது நிறைந்துவிட்டது. மகனுக்கு ஒன்றரை வயது. இருவரையும் பார்த்துக்கொள்வதற்காக நான் வேலையை விட்டுவிட்டதால் ஒருவர் வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அவள் வயதுப் பிள்ளைகள் நடனம், ஓவியம், நீச்சல் என்று வகுப்புகளுக்குப் போவதைப் பார்க்கும்போது, அவளுக்குக் கிடைக்க வேண்டியதை நான் கொடுக்கத் தவறுகிறேனோ என்று மனம் உறுத்துகிறது. சென்ற வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அட்டையை வெட்டி ஒட்டி நான் செய்த விளையாட்டை ஐந்தே நிமிடத்தில் தள்ளிவிட்டு, அட்டை வந்த பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். பணமும் முன்னேற்பாடும் அதிகம் தேவைப்படாத, தம்பியையும் சேர்த்துக்கொள்ளக்கூடிய வழிகள் உண்டா?

மறுமொழி 1

பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த வயதில் புதிய பொருள்களைவிட, ஒரே செயலை அலுக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்து பார்க்கும் நேரம்தான் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கிறது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில், நீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது போன்ற வீட்டு வேலைகளுக்கே தனி இடம் உண்டு.

நான் ஒரு தட்டில் இரண்டு சிறு குவளைகளை வைத்து, ஒன்றில் பாதியளவு நீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு துணியையும் வைத்தேன். முதல் நாள் தட்டு முழுவதும் வெள்ளம். நான்காம் நாள் என் மகன், நீர் விளிம்பைத் தொடுமுன் மணிக்கட்டைத் திருப்பி நிறுத்திவிட்டு, கடைசிச் சொட்டு விழும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். துவைத்த காலுறைகளில் ஜோடி தேடுவதும் இப்படித்தான். வேலை மெதுவாகத்தான் முடியும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். சில சென்டிமீட்டர் ஆழ நீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தானது என்பதால், அருகிலேயே இருங்கள். முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடுங்கள்.

மறுமொழி 2

உடலசைவை மறக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உங்கள் இரு குழந்தைகளுமே நாளொன்றுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். மூன்று வயதானவளுக்கு அதில் 60 நிமிடம் சற்றுத் தீவிரமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நடக்கும் வகுப்பு இதில் எத்தனை பங்கை ஈடுசெய்துவிடும்? தலையணைகளை வரிசையாகப் போட்டுத் தாண்டச் சொல்லுங்கள். சின்னவன் அவற்றின்மேல் தவழ்ந்து ஏறட்டும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் பிற பிள்ளைகளின் துணையை வீட்டுக்குள் உண்டாக்க முடியாது. வகுப்புக்கு நான் கட்டிய பணம் உண்மையில் அதற்காகத்தான், எனக்கும் பேச ஆள் கிடைத்தது என்பதையும் சேர்த்து. இப்போது நாங்கள் நான்கு குடும்பங்கள் வாரம் ஒரு வீடாக, இரண்டு மணி நேரம் கூடுகிறோம். யாரும் எதுவும் வாங்கக் கூடாது, யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் வரக் கூடாது என்பவை மட்டுமே விதிகள். இரண்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடாமல் அடுத்தடுத்து உட்கார்ந்து தனித்தனியே விளையாடினால் ஏமாற்றமடையாதீர்கள்; அந்தப் பருவத்தில் அது இயல்பு.

கேள்வி கேட்டவர்

இன்று குவளைகளை வைத்துப் பார்த்தேன். மகள் ஊற்றினாள், தம்பி கவிழ்த்தான். நான் எழுவதற்குள் அவளே துணியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் நீர் கேட்டாள். எதிர்வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். நாளை அவன் அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன்.