ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்த ஹாரிஸ் பிரபு யார்?

கல்மண்டபத்தான்:
வசிக்கும் பகுதியிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றி எழுதி வரும்படி, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் பள்ளியில் கூறியிருக்கிறார்கள். ஞாயிறு காலை ராயபுரம் ரயில் நிலையத்துக்குச் சென்றோம். முகப்பில் வரிசையாக நிற்கும் தூண்களை அவள் எதிர்ப்பக்கம் நின்று வரைந்துகொண்டாள். 1856 ஜூன் 28 அன்று நிலையத்தைத் திறந்து வைத்தவர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு என்பது வரை சிக்கலில்லை. அந்தப் பெயரை இணையத்தில் தேடினால், 1851இல் பிறந்து இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ஒருவரே வந்து நிற்கிறார். "ஐந்து வயதுப் பையனா வந்து திறந்து வைத்தான்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதிலில்லை. விவரம் அறிந்தோர் விளக்க வேண்டுகிறேன்.

பழைய வண்ணை வாத்தியார்:
தம்பி, உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்விதான். தந்தை இறந்ததும் பட்டம் அப்படியே மூத்த மகனுக்குப் போய்விடுவதால், அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒரு ஹாரிஸ் பிரபு இருப்பார். நிலையத்தைத் திறந்தவர் 1810இல் பிறந்த மூன்றாம் பிரபு. கிரிக்கெட் ஆடியவர் அவருடைய மகன், நான்காம் பிரபு.

மூன்றாமவர் சென்னைக்கு வருமுன் 1846 முதல் டிரினிடாடின் ஆளுநராக இருந்தார். அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் சென்னையிலிருந்தும் கூலியாட்களைக் கப்பலேற்றிய காலம் அது. ஆகவே சென்னை மண்ணை மிதிப்பதற்கு முன்பே சென்னையிலிருந்து போனவர்களை அவர் ஆண்டிருக்கிறார். அங்கேயே 1850இல் சாரா கம்மின்ஸ் என்னும் குருவானவர் மகளை மணந்தார். மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது, 1853இல், அந்த அம்மையார் இறந்துபோனார். மறு ஆண்டு சென்னைக்கு ஆளுநராக வந்த ஹாரிஸ், 1859 வரை இங்கே பதவியில் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட 1857ஆம் ஆண்டும் அவர் காலத்தில்தான் வருகிறது.

கல்மண்டபத்தான்:
மிக்க நன்றி ஐயா. இவர்கள் தொன்றுதொட்டே பிரபுக் குடும்பந்தானா?

பழைய வண்ணை வாத்தியார்:
இல்லை. இவருடைய பாட்டனார் ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸ், கென்ட் பகுதியில் ஓர் உதவிக் குருவின் மகனாகப் பிறந்தவர். 1798இல் சில மாதங்கள் சென்னையின் தற்காலிக ஆளுநராக இருந்த அவர்தான், மறு ஆண்டு மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைக்குத் தலைமைத் தளபதி. அந்த வெற்றியில் தம் பங்காகக் கிடைத்த பணத்தைக் கொண்டு 1801இல் கென்ட்டில் பெல்மான்ட் என்ற மாளிகையை வாங்கினார். 1815இல் கிடைத்த பிரபுப் பட்டத்திலேயே ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் இடம்பெற்றுள்ளன. அவருடைய மகளை மணந்த லஷிங்டன், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துவிட்டு 1827 முதல் 1832 வரை இதே சென்னைக்கு ஆளுநராக வந்தார். மாமனார், மருமகன், பேரன் என்று ஒரே வீட்டார் மூவர் கோட்டையில் அமர்ந்திருக்கிறார்கள்; நம் ஊர் அரசியல்வாதிகளை மட்டும் வாரிசு என்று குறை சொல்லிப் பயனில்லை.

தண்டையார்பேட்டை ரசிகன்:
கிரிக்கெட் ஆடிய மகனைப் பற்றி நான் சொல்கிறேன். இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியில், 1880இல் ஓவல் மைதானத்தில், அணித் தலைவர் அவரே. ஆடியவை மொத்தம் நான்கு டெஸ்ட்கள், நான்கிலும் தலைவர்! பிறகு இந்தியத் துறையில் துணை அமைச்சராக இருந்து, 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநரானார். 1988இல் சச்சினும் காம்ப்ளியும் ஆட்டமிழக்காமல் 664 ஓட்டங்கள் சேர்த்தார்களே, அந்தப் பள்ளிப் போட்டியான ஹாரிஸ் கேடயம் அவர் பெயரில் அமைந்ததுதான்.

மின்ட் தெரு வாசகி:
உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள் அண்ணா. 1855 அக்டோபரில் கர்நாடக நவாப் (ஆற்காட்டு நவாப்) குலாம் கவுஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்தபோது, அவருடைய சிற்றப்பா உரிமை கோரியும் நவாப் பட்டத்தை ஒழித்துவிடலாம் என்று பரிந்துரைத்தவர் இதே ஹாரிஸ் பிரபு. அப்போது அவர் வீட்டில் நாலு வயது வாரிசு பட்டத்துக்காகக் காத்திருந்தது. மறு ஆண்டு ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து மக்களுக்காக ஓடிய ரயில், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தாண்டிப் போய் நின்ற இடம் வாலாஜா ரோடு. வாலாஜா என்பது அந்த நவாப் வம்சத்தின் பட்டப்பெயர்.