ஈரமானியை விட்டு ஆளிக்கு வந்த கதை

பல்கலைக்கழக ஆய்வைத் தொழிலாக்க முனைந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் பரிசும் முதலீடும்தான் முன்னுக்கு வருகின்றன. எங்களுடையது அரித்துப்போன ஓர் உலோகக் காலிலிருந்து தொடங்குகிறது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருப்பதால், மண்ணின் ஈரத்தை அளந்து நீர் இறைக்கும் மோட்டரைத் தானாக இயக்கும் ஈரமானியொன்றை நாங்கள் நால்வரும் இறுதியாண்டு ஆய்வாக எடுத்தபோது, பயிர் பற்றிய சந்தேகங்களை நடந்துபோய்க் கேட்க முடிந்தது. பூச்சாடி மண்ணில் கருவி பிழையின்றி வேலைசெய்தது. முயற்சியாண்மைப் போட்டியொன்றில் பரிசும் கிடைத்தது.

விசுவமடுவில் ஓர் ஐயாவின் கச்சான் (நிலக்கடலை) தோட்டத்தில் அதை நட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துப் போனோம். காலடி மண் சேறாகிக் கிடக்க, கருவி வறட்சி என்று காட்டியது. பிடுங்கிப் பார்த்தால், ஈரத்தை அளக்க மண்ணூடாக மின்னைப் பாய்ச்சும் இரண்டு கால்களில் ஒன்றின் உலோகப்பூச்சு முழுவதும் கரைந்திருந்தது. ஈர மண்ணூடாக நேரோட்டம் இடைவிடாது பாய்ந்தால் நேர்மின்வாய் கரையும் என்பது உயர்தர இரசாயனவியலில் எல்லோரும் படித்ததுதான். (அதற்கு நான் நல்ல புள்ளியும் எடுத்திருந்தேன்.) போதாக்குறைக்கு, பசளையின் உப்பு மண்ணின் கடத்துதிறனைக் கூட்டுவதால், அரிப்பதற்கு முன்னர் கிடைத்த அளவீடுகளையும் நம்ப முடியவில்லை. மண்ணின் மின்கொள்ளளவத்தைக் கொண்டு ஈரத்தை அளக்கும், உலோகம் வெளியே தெரியாத வகைக்கு மாறினோம். அதன் மின்சுற்றுப் பலகையை வெட்டிய விளிம்பு நீரை உறிஞ்சும் என்பதால், கிளிநொச்சிச் சந்தையில் நகப்பூச்சு வாங்கிப் பூசினோம். எந்த நிறம் வேண்டுமென்று கடைக்காரர் கேட்டபோது நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

புதியதை நட்டுக்கொண்டிருக்கையில்தான் ஐயா வாயைத் திறந்தார்: “தம்பியவை, நிலம் காஞ்சிட்டுதோ எண்டு என்ர காலுக்குத் தெரியும். கரண்ட் போய் வந்தால் நடுச்சாமத்தில யானைக்குப் பயந்து பயந்து வந்து மோட்டரைப் போடவேண்டிக் கிடக்கு. அதுக்கு ஒரு வழி இருக்கோ?”

இருந்தது. சிம் அட்டை பொருத்திய ஓர் ஆளி (சுவிட்ச்). அழைப்பு எடுத்தால் மோட்டர் ஓடும். கிணறு வற்றினால் மோட்டர் இழுக்கும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்பதால், அதைக் கொண்டே தானாக நிறுத்தவும் முடியும். ஆனால் இதில் ஆய்வுப் புதுமை ஒன்றுமில்லை. இத்தகைய ஆளிகள் இந்தியாவில் ஏற்கெனவே விற்பனையாகின்றன. ஆய்வறிக்கைக்குப் புதுமை வேண்டும், கமக்காரருக்கு இரவில் நித்திரை வேண்டும். ஒரே கருவி இரண்டையும் தரும் என்று நம்பியதுதான் எங்கள் தவறு. அறிக்கையை ஈரமானியில் முடித்தோம், வியாபாரத்தை ஆளியில் தொடங்கினோம்.

பீடத்தின் கருவிகளால் உருவானது யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று மேற்பார்வையாளர் அறிவுறுத்தினார். கூகுளின் பக்கத் தரவரிசை முறைக்கான ஆக்கவுரிமையே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்திடம்தான் இருந்தது; அதைப் பயன்படுத்த அனுமதித்ததற்கு ஈடாகக் கூகுளிடம் பெற்ற பங்குகளை அது 2005 வாக்கில் விற்று ஏறத்தாழ 33 கோடி டொலர் ஈட்டியது. புதுமை ஒன்றுமில்லாத எங்கள் ஆளியில் அந்தச் சிக்கலுக்கு இடமே இருக்கவில்லை.

முதல் ஆளிக்குரிய காசில் பாதியை அறுவடைக்குப் பின்னர் தருவதாக ஐயா சொன்னார். சொன்னபடியே தந்தார், ஓர் உரப்பை கச்சானும் சேர்த்து. நகப்பூச்சுப் பூசிய ஈரமானியைக் கழற்றவா என்று கேட்டதற்கு, “அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்றார்.