ஹோம்ஸ்கூல் (வீட்டிலேயே படிக்கும்) பிள்ளைகள் பள்ளி அணியில் ஆடலாமா? (டெக்சாஸ்)

கேட்டி_அப்பா: 2021-இல் வந்த சட்டப்படி, பள்ளி மாவட்டம் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மனது வைத்தால்தான் ஹோம்ஸ்கூல் பிள்ளைகள் யூஐஎல் (டெக்சாஸ் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளை நடத்தும் அமைப்பு) போட்டிகளில் சேர முடிந்தது. 2025 சட்டம் அதைப் புரட்டிப் போட்டுவிட்டது, மாவட்டம் வேண்டாம் என்று முடிவெடுக்காவிட்டால் எல்லோரும் ஆடலாமாம். எனக்கு உடன்பாடே இல்லை. என் பையன் அல்ஜீப்ராவில் 70-க்குக் கீழே போனால் 'நோ பாஸ், நோ ப்ளே', ஆட்டம் கிடையாது. வீட்டில் படிப்பவனுக்கு மார்க் போடுவது யார்? அவன் அம்மா!

ஆஸ்டின்காரி: அம்மா கையெழுத்து மட்டும் போதாது சார். தேசியத் தரத் தேர்வு ஒன்று எழுதி, தன் வகுப்புக்குரிய அளவில் இருப்பதைக் காட்டணும். மார்க் குறைந்ததும் பள்ளியை விட்டு நின்று, ஹோம்ஸ்கூல் பெயரில் திரும்பி வரவும் முடியாது, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை தடை. நாங்களும் பள்ளிக்குச் சொத்து வரி கட்டுகிறோமே? புளோரிடாவில் அமெரிக்க ஃபுட்பால் வீரர் டிம் டீபோ வீட்டில் படித்துக்கொண்டே அரசுப் பள்ளிக்கு ஆடி, பிறகு கல்லூரியில் 2007-இல், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையே வாங்கினார்.

கேட்டி_அப்பா: டீபோவை இழுக்காதீங்க. குவார்ட்டர்பேக்காக (அணியின் தாக்குதலை நடத்தும் வீரராக) ஆடணும் என்றே அம்மாவும் பிள்ளையும் பக்கத்து கவுன்டியில் அபார்ட்மென்ட் எடுத்துப் போனார்கள், என் பயமே அதுதான். வரி என்றால், பிள்ளை இல்லாதவர்களும்தான் கட்டுகிறார்கள். மாநிலப் பணம் பள்ளிக்கு வருவது பெரும்பாலும் தினசரி வருகையை வைத்து, வீட்டில் படிப்பவன் அந்த வருகைக் கணக்கில் வரமாட்டான்.

ட்ரம்பெட்_அம்மா: ஃபுட்பாலைத் தாண்டி யோசிங்களேன், யூஐஎல்லில் பேச்சுப்போட்டி, ஓரங்க நாடகம், பேண்ட் எல்லாம் உண்டு. எங்கள் பள்ளியில் பேண்ட் தினமும் ஒரு பீரியட், கோடை வெயிலில் அணிவகுப்புப் பயிற்சி வேறு. அதற்கெல்லாம் ஒழுங்காக வருகிற பிள்ளை எங்கே படித்தால் எனக்கென்ன? வராமல் போட்டியன்று மட்டும் வந்து நின்றால்தான் சண்டை போடுவேன்.

ஆஸ்டின்காரி: அதேதான். அபார்ட்மென்ட் எடுத்து மாறுவதை அரசுப் பள்ளிக் குடும்பங்கள் செய்வதில்லையா என்ன? ஊரறிந்த சங்கதி.

கேட்டி_அப்பா: சரி, இடமாற்றத்தை விடுங்க. ஆனால் அந்தத் தேர்வு மார்க் இரண்டு வருடம் செல்லும், என் பையனுக்கோ சில வாரத்துக்கு ஒருமுறை மார்க் பார்க்கிறார்கள். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு தேர்வு வையுங்கள், நான் பேச்சை விட்டுவிடுகிறேன்.

ஆஸ்டின்காரி: வைக்கட்டும். உங்கள் பையனும் அதே தேர்வை எழுதுவானா?