ஏழு ஆண்டா, ஐந்து ஆண்டா? செயற்கைக்கோள் வானொலியின் கழுத்தை நெரித்தது யார்?

வால்வுக்காரர்:
'திறந்தவெளி' என்ற நண்பர் நேற்று ஒரு முத்தை உதிர்த்திருக்கிறார்: "அமெரிக்க அரசு ஏழு ஆண்டு கழுத்தை நெரித்து வைத்திருக்காவிட்டால் செயற்கைக்கோள் வானொலி 1990களிலேயே காருக்குக் கார் பாடியிருக்கும்." செயற்கைக்கோளிலிருந்து நேரே காருக்குள் பாடும் சந்தா வானொலியைத்தான் சொல்கிறார். ஏழு ஆண்டாம்! சிடி ரேடியோ நிறுவனம் மனுக் கொடுத்தது 1990, உரிமம் வந்தது 1997, கழித்தால் ஏழு. ஐந்தாம் வகுப்புக் கழித்தல். 1990இல் அந்தச் சேவைக்கென்று அலைவரிசையே கிடையாது ஐயா. 1992இல் உலக நாடுகள் கூடிய வானொலி மாநாட்டுக்குப் பிறகுதான் அமெரிக்காவுக்கு 2310 முதல் 2360 மெகாஹெர்ட்ஸ் வரை வழி பிறந்தது. அளக்காத நிலத்துக்குப் பட்டா கேட்டுவிட்டு, தாசில்தார் இழுத்தடித்தார் என்று புலம்பலாமா? ஐந்து ஆண்டு. அதற்கு மேல் ஒரு நாள் கூட இல்லை.

திறந்தவெளி:
மனுக் கொடுத்த நாளிலிருந்து எண்ணுவதுதான் ஊருலக வழக்கம். 1990இலிருந்து 1997, ஏழு. 1992க்குப் பிறகும் உள்நாட்டில் முறைப்படி ஒதுக்கீடு செய்ய, அலைவரிசைகளை மேற்பார்க்கும் அமெரிக்க அரசின் எஃப்.சி.சி. ஆணையம் 1995 வரை இழுத்தது. விதிகளை எழுதி முடிக்க 1997 ஆயிற்று. அதுவரை வாசலில் குறுக்கே படுத்திருந்தவர்கள் யார்? எஃப்.எம். நிலைய முதலாளிகளின் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம். உள்ளூர் வானொலி செத்துவிடும் என்று பிணம் விழுவதற்கு முன்பே ஒப்பாரி வைத்தார்கள். ஐயா இந்த மன்றத்தின் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி விவாத இழையில் தோற்ற கோபத்தை இங்கே தீர்த்துக்கொள்கிறார் போலும்.

வால்வுக்காரர்:
சிற்றலை இழையில் நான் தோற்கவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் நழுவினீர்கள், பிறகு இழை பூட்டப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

உரிமம் 1997இல் வந்துவிட்டதே, சேவை எப்போது வந்தது? போட்டி நிறுவனமான எக்ஸ்எம் 2001 செப்டம்பரில் தொடங்கியது. சிடி ரேடியோ, சிரியஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 2002 ஜூலையில்தான் நாடு முழுக்க வந்தது. சிரியஸின் மூன்று கோள்களும் 2000ஆம் ஆண்டு முடிவதற்குள் மேலே போய்விட்டன. கீழே வானொலிப் பெட்டிக்குள் வைக்கச் சில்லு தயாராகவில்லை! மூன்று கோள்களும் கேட்க ஆளில்லாமல் ஆகாயத்தில் சுற்றின. அந்த ஆண்டுகளை எந்த அரசு நெரித்தது? உங்கள் கணக்கில் அதற்குக் கட்டமே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
இருவரும் ஏலத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 50 மெகாஹெர்ட்ஸ் என்று பேசப்பட்டது கடைசியில் 25 ஆயிற்று, மீதியை வேறு சேவைக்கு ஏலம் விடும்படி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சொல்லிவிட்டது. மனுவோடு காத்திருந்தவர்கள் நால்வர், உரிமமோ இரண்டு. 1997 ஏப்ரலில் ஒன்று 8.3 கோடி டாலருக்கும் மற்றொன்று ஏறத்தாழ 9 கோடி டாலருக்கும் போயின. அரசு இந்தச் சேவையைத் தடுத்ததா, விற்றதா? பேச வேண்டியது அதுதான்.

வால்வுக்காரர்:
நன்றி. அதுவும் 1997தான். 1992ஐக் கழியுங்கள். ஐந்து.

திறந்தவெளி:
1990ஐக் கழியுங்கள். ஏழு.

யாழ்நிலா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்க வேண்டும். 'செய்மதி வானொலி' என்று சுருக்கமாக எழுதலாமே. 'செயற்கைக்கோள்' என்று படித்து முடிப்பதற்குள் சிக்னல் போய்விடுகிறது.

சொற்காவலர்:
ஆரம்பித்துவிட்டீர்களா? தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாகப் பாடநூலில் இருக்கிற சொல்லை ஏன் மாற்ற வேண்டும்? மதி என்றால் நிலா. இவர்கள் அனுப்பியது நிலாவா?

யாழ்நிலா:
கோள் சூரியனைச் சுற்றும், மதி பூமியைச் சுற்றும். எக்ஸ்எம் அனுப்பிய இரண்டும் எதைச் சுற்றின? யோசித்துவிட்டு வாருங்கள் அண்ணா, அவசரமில்லை.

வால்வுக்காரர்:
கோளோ மதியோ, அரசு எடுத்துக்கொண்டது ஐந்து ஆண்டு.

நெடுஞ்சாலை:
இதில் எத்தனை பேர் அதைக் கேட்டிருக்கிறீர்கள்? வாடகைக் காரில் நெவாடா பாலைவனத்தைக் கடந்திருக்கிறேன். எஃப்.எம்.மில் ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஒரு மேட்டைத் தாண்டியதும் அவர் குரலுக்குள் யாரோ கிடார் வாசித்தார்கள், அடுத்த மேட்டில் வெறும் இரைச்சல். செயற்கைக்கோள் வானொலிக்கு மாற்றினேன். அடுத்த மூன்று மணி நேரம் ஒரே ஜாஸ் நிலையம், ஒரு சுரம் கூடச் சிதறவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் போனாலும் அறுபடவில்லை. ஒரே ஒலியைச் சில நொடி இடைவெளி விட்டு இரண்டு முறை அனுப்புகிறார்கள், ஒன்று மறைந்தால் மற்றது கைகொடுக்கும் என்று பிறகு படித்தேன். பெருநகரத்தில் வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் பாடியதுதான் வியப்பு.

வால்வுக்காரர்:
அதில் வியக்க ஒன்றுமில்லை நண்பரே. நகரத்தில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் கட்டடத்தின் மொட்டைமாடியில் நிறுத்திய மறு ஒலிபரப்புக் கருவியை. பெயர் செயற்கைக்கோள் வானொலி, பாடுவது மொட்டைமாடி! அந்தக் கருவிகளுக்கு 2001இல் தற்காலிக அனுமதிதான் கொடுத்தார்கள். நிரந்தர விதிகள் வர 2010 ஆயிற்று. நடுவில் இரண்டு நிறுவனங்களும் அனுமதி இல்லாத இடங்களிலும், அனுமதித்ததைவிடக் கூடுதல் சக்தியிலும் கருவிகளை ஓட்டின. 2008இல் இருவருமாகச் சேர்ந்து ஏறத்தாழ 2 கோடி டாலர் கட்டி அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். ஒன்பது ஆண்டு தற்காலிகச் சீட்டில் ஓடவிட்ட அரசா கழுத்தை நெரித்த அரசு?

திறந்தவெளி:
அதே கருவிகளில் உள்ளூர் நிகழ்ச்சி எதையும் தனியாக ஒலிபரப்பக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததே, அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? யாருடைய வயிற்றெரிச்சலுக்காக அது? 2004இல் எக்ஸ்எம் நகரப் போக்குவரத்து நிலவரம் சொல்லத் தொடங்கியதும் சங்கம் மறுபடி ஆணையத்திடம் ஓடியது. இரண்டு நிறுவனங்களும் இணையப்போவதாக 2007 பிப்ரவரியில் அறிவித்தன. 2008 ஜூலையில்தான் ஆணையத்தில் மூன்றுக்கு இரண்டு வாக்கில் ஒப்புதல் கிடைத்தது. அந்த 17 மாதத்தையும் சேர்த்தால் ஏழு கூடப் போதாது.

வால்வுக்காரர்:
ஒருவர் மற்றவரை வாங்கக் கூடாது என்பது 1997 விதியிலேயே இருந்தது. அதைப் படித்துப் பார்த்துத்தான் ஏலம் கேட்டார்கள். விதியை மாற்றச் சொன்னவர்கள் அவர்கள், மாற்றிக் கொடுத்தது அரசு. ஏழு என்றீர்கள், இப்போது அதற்கும் மேலே போகிறீர்கள். நாளைக்கு மார்க்கோனி காலத்திலிருந்து எண்ணுவீர்கள்.

இன்னொன்று. ஆபாசப் பேச்சுக்கான அபராதமெல்லாம் இலவச வானொலிக்குத்தான், சந்தா கட்டிக் கேட்பதற்கு இல்லை. வானொலித் தொகுப்பாளர் ஹாவர்ட் ஸ்டெர்னின் பேச்சுக்காக 2004இல் எஃப்.எம். முதலாளிகளுக்கு அபராதம் விழுந்தது. அவர் 2006 ஜனவரியில் சிரியஸுக்குப் போனார், ஐந்து ஆண்டுக்கு 50 கோடி டாலர் ஒப்பந்தம். சந்தாதாரர்களும் பின்னாலேயே போனார்கள். உங்கள் அரசு நெரித்தது எதிர்வீட்டுக்காரன் கழுத்தை!

கணக்குப்பிள்ளை:
'நெரிப்பது' என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதை இருவரும் முதலில் சொல்லுங்கள். தாமதம் வேறு, தடை வேறு.

திறந்தவெளி:
அதெல்லாம் எதற்கு? மனுவில் தேதி இருக்கிறது. 1990.

சொற்காவலர்:
யாழ்நிலாவுக்கு: கோளை மதி சுற்றும் என்றால், பூமியே ஒரு கோள்தானே?

யாழ்நிலா:
அதைத்தானே நானும் சொன்னேன்?

வால்வுக்காரர்:
மாநாட்டுக்கும் தேதி இருக்கிறது. 1992. இன்றிரவு முழுக் காலவரிசையையும் எழுதுகிறேன், நீளமாக இருக்கும், யாரும் நடுவில் புகக் கூடாது. சிற்றலை இழையைத் திறக்கச் சொல்லியும் மன்ற நடத்துநருக்கு எழுதியிருக்கிறேன்.